கடன், பங்கு, முழுகுதல்: சுதேசிக் கப்பல் கம்பெனியின் திவாலை வாசித்தல்

தூத்துக்குடி சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பற்றி நம்மிடம் புழங்கும் கதையாடல்கள் அத்தனையிலும் ஒரே வினைச்சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது: ஓட்டினார். ‘கப்பலோட்டிய தமிழன்’ என்ற தொடர் முதலில் வ.உ.சி.யின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது, பிறகு பெயரையே விழுங்கிவிட்டது. ம.பொ.சி.யின் நூல், அதை வைத்து 1961இல் பி.ஆர்.பந்துலு எடுத்த படம், பாடப்புத்தகம், மேடைப்பேச்சு எல்லாம் இந்த வினைமுற்றில் வந்து முட்டி நிற்கின்றன. ஓட்டியது எவ்வளவு காலம்? யார் பணத்தில்? நின்றபோது யார் யாருக்குப் பாக்கி? ‘ஓட்டினார்’ என்ற சொல்லுக்குள் இந்தக் கேள்விகளுக்கு இடமில்லை. நாயகன் சிறைக்குள் போனதும் கதையும் அவர் பின்னாலேயே செக்கிழுக்கப் போய்விடுகிறது. கம்பெனிக்கு மிஞ்சுவது ஒரு வாக்கியம்: 1911இல் கலைக்கப்பட்டது.

அந்த ஒரு வாக்கியத்தை விரித்து வாசிக்க முடியுமா என்று பார்ப்பதுதான் இங்கே உத்தேசம். தியாகத்தைக் குறைத்துப் பேசும் நோக்கம் இதில் இல்லை. ஆனால் தியாகம் என்ற சொல்லாடல் திவால் என்ற சம்பவத்தை எப்படி மூடுகிறது என்பதைக் கவனிக்காமல் இருக்கவும் முடியவில்லை. ஆ.இரா.வேங்கடாசலபதி பல்லாண்டு ஆவணத் தேடலுக்குப் பிறகு இந்தக் கம்பெனியின் வரலாற்றை 2023இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். 1908 எழுச்சி குறித்த அவரது தமிழ் நூலுக்கு 2024க்கான சாகித்திய அகாதெமி பரிசும் கிடைத்தது. ஆக, தரவு இல்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. இல்லாதது கணக்கைக் கணக்காகப் படிக்கும் பழக்கம்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்லிவிடலாம். கம்பெனி 1906இல் பதிவாகிறது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அதே பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை இரண்டு லட்சம் ரூபாய்க்கு வாங்குகிறார். ஆரம்பத்தில் சொந்தக் கப்பல் கிடையாது, பம்பாயிலிருந்து ஷாலைன் கம்பெனியின் கப்பல்களை வாடகைக்கு எடுத்துத்தான் ஓட்டம். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி உள்ளே புகுந்து நெருக்கவே அந்த வாடகை ஏற்பாடு அறுகிறது. கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, வ.உ.சி. பம்பாய் போகிறார். 1907இல் எஸ்.எஸ்.காலியா வருகிறது, பின்னாலேயே பிரான்சிலிருந்து எஸ்.எஸ்.லாவோ. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர், கூடவே 4,000 மூட்டைச் சரக்கு. பாரதி தன் ‘இந்தியா’ பத்திரிகையில் இதை இரட்டைப் பிள்ளைப் பேறாகவே கொண்டாடினார்.

இந்த இடத்தில் பிரதியைக் கொஞ்சம் நிறுத்துவோம். ஒரே ஒரு தடம், தூத்துக்குடி - கொழும்பு. வாடகைக் கப்பலில் தடுமாறிக்கொண்டிருந்த, வயது ஒன்றுகூட நிறையாத கம்பெனி. ஒரே மூச்சில் இரண்டு நீராவிக் கப்பல். கடைவீதியில் எந்த அண்ணாச்சியிடம் கேட்டாலும் சொல்வார்: “மொதல்ல ஒண்ண வாங்கி ஓட்டிப் பாத்திருக்கலாம்லா? எதுக்கு எடுத்த எடுப்புல ரெண்டு?” இந்தக் கேள்வி தேசத்துரோகம் இல்லை. கணக்குப்பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் பிள்ளைப்பேற்று உருவகத்துக்குள் நுழைந்ததும் இதைக் கேட்க முடியாமல் போகிறது. இரட்டைப் பிள்ளை பெற்றவளிடம் போய் ஒன்று போதுமே என்று யார் சொல்வார்கள்? உருவகம் இங்கே அலங்காரமாக மட்டும் நிற்கவில்லை, தணிக்கை அதிகாரியின் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது.

பிறகு கட்டணச் சண்டை. பி.ஐ. கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது, சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. அவர்கள் சும்மாவே ஏற்றிக்கொள்கிறோம், குடையும் தருகிறோம் என்றார்கள். இந்தக் குடைக் கதையை நம் ஊரில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், வெள்ளைக்காரனின் அசட்டுத்தனத்துக்கு உதாரணமாக. அசடு யார்? குடை கொடுக்கிற கம்பெனிக்கு இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள். 1856இல் கல்கத்தா - பர்மா தடத்தில் தொடங்கியது. அரசாங்கத் தபாலைச் சுமப்பதற்கு மானியம் வாங்கி வளர்ந்தது. ரங்கூனிலும் பாரசீக வளைகுடாவிலும் வரும் லாபத்தை வைத்துத் தூத்துக்குடியில் வருஷக்கணக்காக நஷ்டப்பட அதனால் முடியும். சுதேசிக் கம்பெனிக்கு இருப்பதே தூத்துக்குடிதான். அந்த இலவசக் குடைக்கான காசு ஒரு சாம்ராஜ்யத்தின் பரப்பிலிருந்து வருகிறது.

இது முதல் தடவையும் அல்ல. 1884இல் தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத் பாரிசால் தடத்தில் நீராவிப் படகுகள் விட்டு, ஆங்கிலக் கம்பெனியோடு கட்டணத்தில் மோதிக் கடனில் விழுந்தார். பயணிகளுக்குக் காசு வாங்காததோடு தின்பண்டமும் கொடுத்தார்களாம், தாகூர் தன் நினைவுக் குறிப்பில் அதைச் சிரிப்பும் வருத்தமுமாக எழுதியிருக்கிறார். 1893 வாக்கில் ஜாம்ஷெட்ஜி டாட்டா ஜப்பான் தடத்தில் இறங்கியபோது பி அண்டு ஓ கம்பெனி சரக்குக் கட்டணத்தை வெட்டிச் சாய்த்தது, டாட்டா பின்வாங்கினார். டாட்டாவுக்கே அந்த கதி. வங்காளத்துப் பிரபு, பம்பாய்ப் பார்சி, ஒட்டப்பிடாரத்து வக்கீல் என்று மூன்று வெவ்வேறு ஆட்கள். மூவருக்கும் முடிவு ஒன்றுபோலவே வந்தால், ஆளின் குணத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆட்டத்தின் விதியைப் பார்க்க வேண்டும்.

*

ஆட்டம் என்றதும் கால்பந்து. இந்த ஒப்பீடு சிலருக்கு எரிச்சலூட்டலாம், இருக்கட்டும். முத்துக்குளித்துறைக் கடற்கரையில் கால்பந்து அந்நிய விளையாட்டு இல்லை. கோயில் திருவிழாவும் பந்தும் சேர்ந்தேதான் வரும். ஊருக்கு ஒரு கழகம், கழகத்துக்கு வரி, தோற்றால் ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது. உணர்ச்சியால் ஓடுகிற ஸ்தாபனம் கடன் வாங்கும்போது என்ன ஆகிறது என்பதைப் பார்க்க இந்த நூற்றாண்டில் இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இங்கிலாந்தில் லீட்ஸ் யுனைடெட். 2001இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனார்கள். அடுத்த வருஷமும் போவோம் என்ற நம்பிக்கையில் இன்னும் விற்காத டிக்கெட்டுகளின் வருங்கால வருமானத்தை அடகு வைத்து ஆறு கோடி பவுண்டு கடன் வாங்கினார்கள். போகவில்லை. 2004இல் கீழ்த்தட்டுக்கு இறங்கி, 2007இல் நிர்வாகி கையில் ஒப்படைப்பு. போர்ட்ஸ்மவுத் 2008இல் எஃப்.ஏ.கோப்பையை வென்றது, 2010இல் பிரீமியர் லீக்கில் இருக்கும்போதே நொடித்த முதல் கிளப் ஆயிற்று. 1872இல் பிறந்த கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் கம்பெனி 2012இல் கலைப்புக்குப் போனது. 1885இல் பிறந்த பரி 2019இல் லீகை விட்டே வெளியேற்றப்பட்டது. பார்சிலோனாவின் கடன் நூறு கோடி யூரோவைத் தாண்டிய நிலையில் 2021இல் மெஸ்ஸி போனார், மறுவருஷம் 25 ஆண்டுகளுக்கான தொலைக்காட்சி உரிமையில் கால்பங்கை விற்றார்கள். நம் பக்கத்துக்கு வந்தால், 2018-19இல் ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப்பே வந்து 26 சதவீதம் பங்கு வாங்கியது. 2021க்குப் பிறகு அந்த லீகில் அப்படி ஒரு பெயரைக் காணோம். ஹைதராபாத் 2022இல் ஐ.எஸ்.எல். சாம்பியன், இரண்டே வருஷத்தில் சம்பள பாக்கியால் ஆட்டக்காரர்கள் சிதறி, 2025இல் கிளப்பே டெல்லிக்கு இடம்பெயர்ந்தது. அதே 2025 ஆகஸ்டில், சீசன் நடக்குமா என்றே தெரியாத நிலையில், சென்னையின் எஃப்.சி. தன் இயக்கத்தை நிறுத்திவைத்தது.

இவர்களெல்லாம் முட்டாள்களா? தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் செய்தது நியாயமான காரியம். பக்கத்துக் கிளப் நல்ல ஆட்டக்காரனை வாங்கும்போது நாம் வாங்காவிட்டால் இறங்கிவிடுவோம், இறங்கினால் வருமானம் போய்விடும். ஆகவே கடன் வாங்கியாவது வாங்கு. எல்லோரும் இப்படியே நினைக்கும்போது எல்லோரும் கடனில். வாடகைக் கப்பலை எதிரி எந்த நேரமும் பிடுங்கலாம் என்று ஆனபிறகு சொந்தக் கப்பல் ஊதாரித்தனம் ஆகுமா? ஒரே கப்பலானால் அது பழுதுக்கு நிற்கிற வாரத்தில் பயணிகள் மொத்தமும் பி.ஐ.க்குப் போவார்கள். அண்ணாச்சியின் கேள்வி நியாயம்தான். ஆனால் அது கடைவீதிக் கணக்கு. கடை, சரக்கு விற்காவிட்டால் நாளைக்கு விற்கலாம். தடத்தை இன்றைக்கு விட்டால் நாளைக்குக் கிடைக்காது.

ஆனால் ஒப்பீடு ஒரு முக்கியமான இடத்தில் முறிகிறது. முறிகிற இடம்தான் எனக்கு வேண்டும். 1923இல் இங்கிலாந்து லீகில் இருந்த 88 கிளப்புகளில் 85, எண்பது வருஷத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தன என்று பொருளாதார ஆய்வாளர் ஷிமான்ஸ்கி கணக்குக் காட்டுகிறார். எத்தனை தரம் நொடித்தாலும் கால்பந்துக் கிளப் சாவதில்லை. நகரசபை, உள்ளூர்ப் பணக்காரர், ரசிகர் சங்கம் என்று யாராவது வந்து தூக்கிவிடுகிறார்கள். ஹங்கேரியப் பொருளாதார அறிஞர் கோர்னாய், சோஷலிச நாட்டு அரசுத் தொழிற்சாலைகளைப் பற்றி ‘இளகிய வரவுசெலவு வரம்பு’ என்று ஒரு கருத்தாக்கம் சொன்னார்: நஷ்டம் வந்தால் மேலே இருப்பவன் கொடுப்பான் என்று தெரிந்தால் வரம்பு இளகிவிடும். கால்பந்தை எழுதுகிறவர்கள் இதை எடுத்துக்கொண்டு, கிளப்புகளின் ஊதாரித்தனத்துக்குக் காரணம் இந்த இளக்கம்தான் என்கிறார்கள்.

இதை 1907 தூத்துக்குடியில் வைத்துப் பாருங்கள். இளகிய வரம்பு யாருக்கு இருந்தது? சும்மா ஏற்றிக் குடையும் கொடுத்தவனுக்கு. அவன் நஷ்டத்தைத் தபால் மானியமும் சாம்ராஜ்யமும் தாங்கின. இறுகிய வரம்பு சுதேசிக் கம்பெனிக்கு. அதோடு முடியவில்லை. நொடித்தவனைத் தூக்கிவிட வேண்டிய அரசே இங்கே எதிராளியின் கட்சி. சுதேசிக் கப்பலில் ஏறக் கூடாது என்று அரசு ஊழியர்களுக்கு மேலிடத்து நெருக்குதல், துறைமுகத்தில் ஏதாவது ஒரு சாக்கில் தாமதம், சப்-கலெக்டர் ஆஷின் கெடுபிடி. 1908 மார்ச் 12இல் வ.உ.சி.யையே தூக்கி உள்ளே வைத்தார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் குறைந்தது என்பது வேறு. ஆக, மிதமிஞ்சிய செலவால் முழுகியது யார், மிதமிஞ்சிச் செலவழித்தும் முழுகாமல் இருந்தது யார் என்று கேட்டால், கம்பெனிகளின் கணக்குப் புத்தகம் மட்டும் பதில் சொல்லாது. எவனை மிதக்க விடுவது என்ற முடிவு வேறு மேசையில் எடுக்கப்படுகிறது. பி.ஐ. கம்பெனி 1914இல் பி அண்டு ஓவோடு இணைந்து இன்னும் பெரிதானது.

*

நம் பேச்சில் திவாலுக்கு எத்தனை சொல்! நொடிச்சுப் போனான், போண்டியானான், ஐ.பி. போட்டுட்டான். “மஞ்சக் கடுதாசி குடுத்துட்டாவ” என்று தூத்துக்குடியில் ஒருவரைப் பற்றிச் சொன்னால், குரல் தானாக இறங்கும். தெற்கே இன்னொன்றும் உண்டு: “ஆளு முழுகிட்டாரு.” கடலைச் சார்ந்து வாழ்கிற ஊரில் இந்தச் சொல்லின் இரட்டைத்தன்மையைக் கவனிக்க வேண்டும். முழுகுவதுதான் இங்கே பிழைப்பு. இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாக முங்கிச் சிப்பி அள்ளுகிறவன் முழுகாவிட்டால் சோறில்லை. கரையில் இருக்கிற முதலாளி முழுகினால் சோறில்லை. ஒரே வினைச்சொல் ஒருவனுக்கு வருமானம், இன்னொருவனுக்கு நாசம்.

‘பங்கு’ இன்னும் சிக்கலானது. மீன்பாட்டில் பங்கு. பங்குச் சாமி, பங்குக் கோயில் என்னும்போது அது ஊரும் திருச்சபையும். கம்பெனியில் வாங்கினால் 25 ரூபாய்ப் பத்திரம். முதல் இரண்டு பங்கும் பிறப்பாலோ உழைப்பாலோ வருபவை, மூன்றாவது காசால். மார்க்ஸ் மூலதனத்தின் மூன்றாம் தொகுதியில் கூட்டுப்பங்குக் கம்பெனியை, தனியுடைமை தன் வரம்புக்குள்ளேயே தன்னை மறுத்துக்கொள்ளும் வடிவமாகப் பார்த்தார். சுதேசி இயக்கம் அதை தேசத்தின் வடிவமாகப் பார்த்தது: ஆசியர் எவரும் பங்கு வாங்கலாம், ஆகவே இது எல்லோருடையது. ஆனால் மில் கூலிக்காரனின் ஒரு மாதச் சம்பளத்தையும் மிஞ்சும் தொகை அந்த 25 ரூபாய். மொத்தப் பங்கில் ஐந்தில் ஒன்று ஒரே சேட்டின் கையில். கூடவே ஜமீன்தார், வக்கீல், வியாபாரி. ஆழமில்லாத பழைய துறைமுகத்தில் கப்பல் சில மைல் தள்ளி நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளையும் சரக்கையும் தோணியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்தத் தோணிக்காரர்கள், மூட்டை சுமந்தவர்கள், தலைமுறை தலைமுறையாகக் கடலைப் படித்த பரதவர்கள் நம் கப்பல் கதையில் எங்கே? கப்பலோட்டிய கதையில் கடல்காரன் பின்னணிக் கூட்டம். (படம் வந்த அதே 1961தான் தூத்துக்குடியில் அரசு கடைசியாக முத்துக்குளிப்பு நடத்திய வருஷமும். இது தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.)

மூன்றாவது சொல் ‘கடன்’. தமிழில் கடமையும் கடன்தான், வட்டிக்கு வாங்கியதும் கடன்தான், சாமிக்கு நேர்ந்ததும் நேர்த்திக்கடன்தான். தேசியச் சொல்லாடலின் சாமர்த்தியம் இந்த மூன்றையும் கலந்துவிட்டதில் இருக்கிறது. பங்கு வாங்குவது உன் கடன் என்று மேடையில் சொல்லப்பட்டபோது, கேட்டவன் நேர்த்திக்கடன் செலுத்துகிற மனநிலையில் பணம் கொடுத்தான். நேர்த்திக்கடனுக்கு யாராவது ரசீது கேட்பார்களா? வருஷக் கணக்கு வாசிக்கச் சொல்வார்களா? கால்பந்து ரசிகன் சீசன் டிக்கெட் வாங்குவதும் இந்த மாதிரிதான். இவனுடைய கேள்வி கேட்காத விசுவாசத்தைத்தான் லீட்ஸ் நிர்வாகம் அடகுக் கடையில் வைத்தது.

இந்த இடத்தில் மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையைப் பார்க்க வேண்டும். நம் கப்பல் கதை எழுதுகிறவர்கள் ஏனோ அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. 1905இல் இலங்கை மன்னார்க் கரையில் நடந்த முத்துச்சலாபத்தில் எட்டுக் கோடிக்கும் மேல் சிப்பி அள்ளினார்கள். அரசுக்கு 25 லட்சம் ரூபாய் வரும்படி. லண்டனில் நாக்கு ஊறாதா? 1906இல், அதாவது நம் சுதேசிக் கம்பெனி பிறந்த அதே வருஷம், ‘சிலோன் முத்துக்குளிப்போர் கம்பெனி’ என்று ஒன்று லண்டனில் கிளம்பி, அந்தப் பார்களை 20 வருஷத்துக்குக் குத்தகை எடுத்தது. வருஷத்துக்கு 3,10,000 ரூபாய் குத்தகைப் பணம், சிப்பி விளைந்தாலும் விளையாவிட்டாலும். விஞ்ஞானிகளை வைத்து ஆராய்ச்சியும் நடந்தது. 1907க்குப் பிறகு சிப்பி இல்லை. கடலுக்கு லண்டன் பங்குச்சந்தை தெரியாது. 1912இல் கம்பெனி கலைப்பு.

ஒரே கடல், இரண்டு கரை. 1906இல் பிறந்த இரண்டு கம்பெனிகள் 1911, 1912இல் அடுத்தடுத்துச் செத்தன. ஒன்று தேசத்துக்காகக் கடன்பட்டது, மற்றது சூதாட்டத்துக்காக. நாம் ஒன்றைக் கோயிலில் வைத்தோம், மற்றதை மறந்தோம். ஆனால் இரண்டின் மரணச் சான்றிதழையும் சட்டம் ஒரே வார்த்தையில்தான் எழுதியது. சட்டத்துக்குத் தியாகமும் சூதும் ஒன்றுதான். யாருக்கு முதலில் கொடுக்க வேண்டும், யாருக்குக் கடைசியில் என்பது மட்டுமே அதன் அக்கறை. அடமானம் பிடித்தவன் முன்வரிசை, கடனுக்குச் சரக்குப் போட்டவன் பின்வரிசை, பங்குக்காரன் வாசலுக்கு வெளியே. கால்பந்தில் இந்த வரிசைக்கு இன்னொரு கோணல் உண்டு. இங்கிலாந்து லீகின் விதிப்படி, நொடித்த கிளப் மற்ற கிளப்புகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் தர வேண்டியதை முழுசாகத் தர வேண்டும். மிச்சமிருந்தால் மற்றவர்களுக்கு. போர்ட்ஸ்மவுத் கடன்காரர் பட்டியலில் மைதானத்தில் முதலுதவி பார்த்த செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ்காரர்களும் இருந்தார்கள், பின்வரிசையில். லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிற ஆட்டக்காரனுக்குக் கட்டுப் போட்டவனுக்குப் பாக்கி!

முத்துச்சலாபத்தில் இந்த வரிசை கொஞ்சம் நாணயமாக இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. அள்ளிய சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு முங்கினவனுக்கு, அன்றைக்கே, சிப்பியாகவே. மிச்சம் சாயங்காலம் ஏலம். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று வியாபாரிகள் கத்திக் கத்தி ஏற்றுவார்கள். திறக்காத சிப்பியை வாங்குவதற்கும் இருபது வயசுப் பையனைப் பத்துக் கோடி பவுண்டுக்கு வாங்குவதற்கும் என்ன வித்தியாசம்? ஆனால் அந்த ஏலத்தில் நொடித்தவன் வியாபாரி. முங்கினவன் தன் பங்கை முன்னமே வாங்கிவிட்டான். இதை ரொம்பவும் புனிதப்படுத்தவும் வேண்டாம். காது கிழிந்து மூச்சு முட்டிச் செத்தவனுக்கு எந்த ஏலத்திலும் பங்கில்லை.

*

1908 பிப்ரவரி 27. கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நிற்கிறார்கள். மில் யாருடையது? ஏ அண்டு எஃப் ஹார்வி. தூத்துக்குடியில் பி.ஐ. கம்பெனியின் ஏஜெண்டு யார்? அதே ஏ அண்டு எஃப் ஹார்வி. கடனில் தத்தளிக்கிற கம்பெனியை நடத்துகிறவர், போட்டிக் கம்பெனி ஏஜெண்டின் மில்லில் போய் வேலைநிறுத்தம் நடத்துகிறார். எந்த இயக்குநர் குழுவும் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளும். அரசியலையும் கம்பெனியையும் தனித்தனியாக வையுங்கள் என்ற நெருக்கடி உள்ளேயிருந்தே அவருக்கு வந்தது. மேலாண்மைப் பள்ளிக்கூடத்தில் இதைப் பாடமாக வைத்தால் ‘செய்யக்கூடாதவை’ பட்டியலில் முதலில் வரும்.

எனக்கோ, இந்தக் கம்பெனியின் கதையில் ‘எல்லோருடையது’ என்ற உரிமைகோரல் மெய்யான ஒரே தருணம் அதுதான் என்று படுகிறது. 25 ரூபாய்ப் பங்கு வாங்க வக்கில்லாதவனுக்காகக் கம்பெனியின் பாதுகாப்பே செலவழிக்கப்பட்டது. மார்ச் முதல் வாரத்தில் கூலி உயர்வோடு தொழிலாளர் வேலைக்குத் திரும்பினார்கள். அடுத்த வாரம் கைது. மறுநாள் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் கலவரம், துப்பாக்கிச்சூடு. கப்பலில் பங்கே இல்லாத ஜனங்கள்தான் தெருவில் இறங்கினார்கள். பங்குதாரர்கள் பெரும்பாலும் வீட்டுக்குள் இருந்தார்கள், அவர்களுக்கு இழக்க ஏதோ இருந்தது. மிதமிஞ்சிய செலவு என்று ஒன்று இந்தக் கம்பெனியில் நடந்திருந்தால் அது காலியாவும் லாவோவும் அல்ல, இந்த வேலைநிறுத்தம்தான். அந்தச் செலவை நான் ஊதாரித்தனம் என்று எழுதமாட்டேன்.

1911இல் கம்பெனி கலைந்தது. அதே வருஷம் ஜூன் 17இல் மணியாச்சியில் ஆஷ் சுடப்பட்டார். கப்பல் போட்டிக் கம்பெனியின் கைக்கே போய்ச் சேர்ந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் முடிவு. விற்பதற்குப் பதில் உடைத்துக் கடலில் போட்டிருக்கலாமே என்று வ.உ.சி. சிறைக்குள்ளிருந்து கொதித்ததாகவும் சொல்வார்கள். கொதிப்பு புரிகிறது. ஆனால் உடைத்துப் போட்டால் கடன் கொடுத்தவனுக்கு என்ன கிடைக்கும்? நாயகனின் மானமும் கடன்காரனின் பணமும் இங்கே நேருக்கு நேர் மோதுகின்றன. நம் கதையாடல் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறது.

ரேஞ்சர்ஸ் கம்பெனி கலைந்தபிறகு மைதானத்தையும் பெயரையும் வேறொரு கம்பெனி வாங்கியது. பழைய கிளப்தான் இது என்கிறார்கள் இவர்கள், செத்தது செத்ததுதான் என்கிறார்கள் எதிர் அணியினர். கிளாஸ்கோவில் இன்னும் சண்டை ஓயவில்லை. இங்கே சண்டையே இல்லை. 2011இல் தூத்துக்குடி பெருந்துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. கம்பெனி செத்துச் சரியாக நூறு வருஷம். அதே 2011 ஜூனில், அதே துறைமுகத்திலிருந்து, அதே கொழும்புக்கு, ஆயிரம் பேருக்கு மேல் ஏறக்கூடிய ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற பயணிகள் கப்பல் மத்திய மந்திரி கொடியசைக்கக் கிளம்பியது. பேச்சாளர்கள் கப்பலோட்டிய தமிழனை நினைவுகூரத் தவறவில்லை. நவம்பரில் நின்றுபோனது. போதிய பயணிகள் இல்லை. எரிபொருள் பாக்கி முதலானவற்றுக்காகக் கப்பலைக் கொழும்பில் பிடித்து வைத்தார்கள். இந்த முறை குடை கொடுக்க எதிரி யாரும் இல்லை. விமானம் இருந்தது, அவ்வளவுதான். இதைத் தியாகம் என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே இது கதையாகவும் ஆகவில்லை.

பந்துலுவின் படமும் முதல் வெளியீட்டில் பணம் பார்க்கவில்லை. திவாலைத் தியாகமாக்கிய பிரதி, தானே நஷ்டக் கணக்கில் விழுந்தது. பிற்பாடு அதைத் தொலைக்காட்சியில் சும்மா பார்த்துப் பார்த்துத்தான் நாம் மகா காவியமாக்கினோம்.

வ.உ.சி. 1912 டிசம்பரில் வெளியே வந்தார். வரவேற்கக் கூட்டம் இல்லை. சென்னையில் கடை வைத்தார், கோயம்புத்தூர் போனார், சன்னதைத் திரும்பப் பெற்றுக் கோவில்பட்டியில் வக்கீல் தொழில் பார்த்தார், கடைசியில் தூத்துக்குடி. தன் கதையைத் தானே அகவலாக எழுதி வைத்தார். 1936 நவம்பர் 18இல் இறந்தார். அதற்குமுன் எழுதிய உயிலில் எண்ணெய்க்கடை பாக்கி, ஜவுளிக்கடை பாக்கி, சில்லறைக் கடன் என்று ரூபாய்க் கணக்கோடு வரிசையாக இருக்கிறது. பத்து லட்சம் மூலதனத்தில் கம்பெனி நடத்தியவர் பத்து, ஐம்பது ரூபாய்க் கடனையெல்லாம் விடாமல் எழுதுகிறார். மேடையில் இந்த உயிலை வாசித்தால் அழாதவர் கிடையாது. எப்பேர்ப்பட்ட மனுஷன், எப்படி வறுமையில் போனார் என்று. ஆனால் அது எழுதப்பட்டது அழுவதற்காக அல்ல, கொடுப்பதற்காக. இன்னாருக்கு இவ்வளவு என்று ஒரு வக்கீல் எழுதிய கணக்கு அது. அழுது முடித்தபிறகு, அந்த எண்ணெய்க்கடைக்காரருக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்று யாராவது ஒருவர் கேட்கட்டும்.